டீசல் காருக்குப் பெட்ரோல் ஊற்றியது யார்

தினேஷ்,

நீ அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. நீலக் கார். பின்பக்க மூலையில் நசுங்கியிருப்பதை மறைத்துக்கொண்டு நீ நிற்பது உன் அம்மாவுக்குத் தெரியாமல் போகாது. "சின்னக் கார்தான்மா, செகண்ட் ஹேண்ட்தான், ஆனா டீசல். அப்பாகிட்ட காட்டுங்க, சந்தோஷப்படுவாரு" என்று எழுதியிருந்தாய். காட்டினேன். என் கைப்பேசியை வாங்கிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். சக்கரத்தைப் பார்த்தார், முன்விளக்கைப் பார்த்தார், உன் முகத்தை மட்டும் தாண்டிப் போய்விட்டார். பிறகு கைப்பேசியை என்னிடமே கொடுத்து, "யாரு வாங்கினாங்களோ அவங்ககிட்ட சொல்லு, பெட்ரோல் ஊத்திடக் கூடாதுன்னு. நான் அப்படித்தான் ஊத்திட்டேன்" என்றார். அது நடந்து மூன்று நாளாகிறது. இதற்கிடையில் உன்னிடம் பேச இரண்டு முறை கூப்பிட்டேன். நீ "சொல்லுங்கம்மா" என்றதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கார் ஓட்டுகிறவனுக்கு வேண்டியதும் இதில் வரும், உன் அப்பாவின் மகனுக்கு வேண்டியதும் வரும். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

அப்பா அந்தக் காரை வாங்கியபோது நீ இங்கிலாந்துக்கு, லீட்ஸுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்டும் ஜெனரேட்டரும் பழுது பார்த்தவர், ஓய்வு பெற்ற மறுமாதமே டீசல் கார் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். பினாங்கில் யார் சின்னக் காரை டீசலில் ஓட்டுகிறார்கள்? லாரிக்காரர்களும் பிக்கப் வைத்திருப்பவர்களும்தான். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒருவர் வெளிநாடு போவதால் விற்கிறார் என்று தெரிந்ததும், "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க பாஸ்" என்று ஃபோனில் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறினார். போனதும் முதல் வேலையாக பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு. எதிர்க்கடையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், எஞ்சின் ஆறட்டும் என்று. விற்கிறவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சூடா இருக்கும்போது எந்த டீசலும் நல்ல பிள்ளை மாதிரி கிளம்பிரும்மா. ஆறிக் கிடக்கும்போது எழுப்பிப் பாக்கணும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நீ வாங்கும்போது இப்படிச் செய்திருக்க மாட்டாய். போகட்டும். இனியாவது காலையில் சாவியைப் பாதி திருப்பி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எரியும் அந்தச் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, அதன்பிறகு ஸ்டார்ட் செய். உன் ஊர்க் குளிருக்கு அந்தச் சில நொடிகள் அவசியம். கிளம்பியவுடனே மிதிக்காதே. டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டதாக விற்றவர் வாயால் சொன்னால் நம்பாதே. ரசீது இல்லாவிட்டால் நீயே மாற்றிவிடு. அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். இதெல்லாம் நானாகக் கற்றதில்லை. உன் அப்பா சொல்லச் சொல்ல, காதில் விழுந்தும் விழாததுமாக என்னிடம் தங்கியவை.

அந்தக் காருக்கு ஒரு குணம் உண்டு, உன் காருக்கும் இருக்கும். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று அடியில் இருக்கிறது. பக்கத்துக் கடைக்கும் கோயிலுக்குமாக ஓட்டிக்கொண்டே இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் இருபது நிமிடமாவது ஓடினால்தான் சூடேறி, சேர்ந்த கரி எரிந்து போகும். ஜெலுத்தோங்கில் வீட்டை வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் பத்து நிமிடத்தில் சிவப்பு விளக்கில் நிற்கிற இந்தத் தீவில், அதற்கு வழியில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் பாலம் தாண்டி நிபோங் திபால்வரை போய் வந்தோம். அங்கே ஒரு கடையில் தோசை சாப்பிடுவோம், திரும்பிவிடுவோம். சொந்தக்காரர்கள் யாரையும் பார்க்கப் போவதில்லை. "காருக்கு வாக்கிங் கூட்டிட்டுப் போறோம்" என்பார். முப்பத்தைந்து வருடக் குடும்பத்தில் எங்கள் இருவருக்கென்று தனியாக வாய்த்த நேரம் அந்த ஞாயிறுகள்தான். அவர் பேசுவதெல்லாம் எஞ்சின் சத்தத்தைப் பற்றி, நான் பேசுவதெல்லாம் உன்னைப் பற்றி. ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டதில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தோம்.

அவருக்கு மறதி எப்போது தொடங்கியது என்று நீ கேட்டபோதெல்லாம் நான் சரியாகச் சொல்லவில்லை. உன்னிடம் மறைத்த முதல் சம்பவம் மீன். ஒரு காலை ஆயர் ஈத்தாம் பாசாருக்கு மீன் வாங்கக் காரில் போனவர், வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பி வந்தார். கார் எங்கே என்றால், "கீழதான் நிக்குது" என்றார். கீழே இல்லை. திருடு போய்விட்டது என்று முடிவு கட்டினோம். போலீசில் புகார் எழுத அடையாள அட்டைகளை எடுத்து வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் ஏதோ தோன்ற, நான் மட்டும் பஸ் ஏறிப் பாசாருக்குப் போனேன். காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே பூட்டியபடி நின்றிருந்தது. திறந்தேன். பின்னால் ஒரு பையில் கெம்போங் மீன், இரண்டு நாள் வெயிலில் வெந்து கிடந்தது. நாற்றத்தில் கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டேன். வீட்டுக்கு ஓட்டி வந்து காட்டினேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "எவனோ எடுத்துட்டுப் போயி, மீன வச்சுத் திருப்பி விட்டுருக்கான் பாரு" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருவருமாகச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அன்று மாலை நீ கூப்பிட்டாய். எல்லாரும் நல்லாயிருக்கோம் என்றேன்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக நடந்தது. பச்சை விளக்கில் நிற்பார். ஜார்ஜ் டவுனின் ஒருவழிச் சாலைகளில் எதிர்த்திசையில் நுழைந்துவிட்டு, ஹார்ன் அடிக்கிறவர்களைப் பார்த்து, "இவனுக்கெல்லாம் யாரு லைசன்ஸ் குடுத்தா?" என்பார். ஒரு மதியம் பள்ளி விடும் நேரம். முன்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று, ஒரு மலாய்க்காரப் பெண், பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு ஆறேழு வயதுப் பிள்ளை. அவர்கள் நின்றார்கள். நம் கார் நிற்கவில்லை. அப்பாவின் கால் பிரேக்குக்குப் பதிலாக கிளட்சை அழுத்திக்கொண்டிருந்தது. கார் உருண்டுகொண்டே போனது. நான் கத்தியபடி கைபிரேக்கை இழுத்தேன். பிள்ளையின் பள்ளிப்பையில் நம் பம்பர் உரசி நின்றது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். அன்று வீட்டில் சாவியைக் கேட்டேன். "என்னைக் கையைக் கட்டி உக்கார வைக்கப் பாக்குறியா?" என்று கேட்டார். கெஞ்சினேன், அழுதேன், பேசாமல் இருந்து பார்த்தேன். உன்னிடம் சொல்லிவிடுவேன் என்றேன். "சொல்லு. அவன் அங்க இருந்து பிரேக் பிடிப்பானா?" என்றார். ஒளித்து வைத்தால் பூட்டுக்காரரைக் கூட்டி வந்து புதுச்சாவி போட்டுவிடுவார், அந்த அளவுக்குத் தெளிவும் அவரிடம் இருந்தது. தெளிவு இருக்கும் நேரத்தில் அவர் அப்பா. இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர். இரண்டு பேரிடமும் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த ஞாயிறுக்கு வருகிறேன். வழக்கம்போல நிபோங் திபாலுக்குக் கிளம்பினோம். வீட்டுக்குப் பக்கத்துப் பெட்ரோல் ஸ்டேஷனில் எண்ணெய் அடிக்க நிறுத்தினார். பணம் கட்ட உள்ளே போனவர் திரும்பவே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், கவுண்டரில் நின்று பையைத் தடவிக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. பணம் கட்டியாகிவிட்டது என்று பம்ப் விளக்கு காட்டியதும், நானே அடித்துவிடலாம் என்று இறங்கினேன். இருபது வருடம் கிளினிக் வேலைக்கு என் சின்னப் பெட்ரோல் காரை ஓட்டியவள் நான். கை தானாக எதை எடுக்கும்? மஞ்சள் பிடியை எடுத்தேன். இங்கே மஞ்சள் பெட்ரோல், கறுப்பு டீசல். டீசல் குழாயின் வாய் பெரிது, பெட்ரோல் காரில் நுழையாது. பெட்ரோல் குழாய் சின்னது, டீசல் காரில் தாராளமாக நுழையும். தப்பு நடக்க ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது, என் கை அந்த வழியில் போனது. பாதி நிறைந்திருக்கும்போது அப்பா வேகமாக வந்தார். "நகரு, நகரு, நான் பாத்துக்கிறேன்" என்று குழாயை என் கையிலிருந்து வாங்கி, மீதியை அடித்து, மூடியை இறுக்கி, குழாயை மாட்டினார். மஞ்சள் என்று அவரும் பார்க்கவில்லை. முன்பிருந்த அப்பா என்றால் வாசனையிலேயே கண்டுபிடித்திருப்பார். இதைச் சொல்லித்தான் நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தேன். ஆனால் அந்தக் குழாயை எடுத்த கை என்னுடையது.

இன்னொன்றும் இருக்கிறது. சாலையில் ஏறியதுமே எனக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தியது. மஞ்சளா, கறுப்பா? கேட்டால், "எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!" என்று கத்துவார். காரைத் தொட்டால் அவருக்கு அவ்வளவு கோபம் வரும். அவர்தானே மாட்டினார், தப்பாக இருந்தால் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். அய்யா, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள். உன் ஊரில் பெட்ரோல் பிடி பச்சை என்று சொன்னாய். அவசரத்தில் உனக்கும் கை தவறலாம். தவறினால் சாவியைத் திருப்பாதே. வண்டியைத் தள்ளி ஓரமாக விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடு. தொட்டியோடு போகும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஓட்டிவிட்டால்தான் பெட்ரோல் உள்ளே போய் பம்பையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் கார் பிழைத்திருக்கும். கார் மட்டுமா என்று தெரியவில்லை.

பாலத்தின் நடுமேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டத் தொடங்கியது. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். அப்பா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார், கார் குலுங்கியது, மிதித்தார், அணைந்துவிட்டது. இடதுபக்க ஓரத்தில் உருண்டு நின்றோம். லாரிகள் தாண்டும்போது பாலமே ஆடும் என்பது அன்றுதான் தெரிந்தது. கீழே கடல், மேலே உச்சி வெயில். அப்பா மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினார். "வா, வா, வந்துரு" என்று காரிடம் பேசினார். நான் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எனக்கு முள் இல்லை, நிச்சயமாகவே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பலும் உள்ளே எதையோ கிழிக்கிறது என்று தெரிந்தும், "விடுங்க" என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ரோந்து வண்டி வந்து எங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கிருந்து அப்பாவோடு முன்பு வேலை செய்த சேகர், மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கிறாரே, அவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

சேகர் டீசல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளிருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். "அண்ணே, இது டீசல் இல்ல லா. பெட்ரோல். யாரு எண்ணெய் அடிச்சது?"

அப்பா தன் வலது கையைப் பார்த்தார். "நான்தான் மாட்டினேன். பைப்பு என் கையிலதான் இருந்துச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை உனக்கு எப்படிச் சொல்வது? குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அந்த நாட்களில் தன் ஞாபகத்தின் மேல் நம்பிக்கை போய், நடந்ததை என்னிடம் சரிபார்க்கப் பழகியிருந்தார். மருந்து சாப்பிட்டேனா, கதவைப் பூட்டினேனா என்று கேட்கும் அதே பார்வை. நான்தானே, என்று கேட்டது. நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன், தினேஷ். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையை நினைத்துத்தான் தலையாட்டினேன் என்று பின்னாளில் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். உண்மை அப்படியில்லை. அந்த நொடியில் இருந்தது வெறும் பயம், புருஷனிடம் திட்டு வாங்கப் பயப்படுகிற அற்பப் பயம். பிள்ளையின் நினைவு மாலையில்தான் வந்தது. வந்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன்னைக் கூப்பிட்டு, "அப்பா காருக்குப் பெட்ரோல் ஊத்திட்டாருப்பா" என்று வாயாலேயே சொன்னேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாய். நீ பேசியது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. "என்னப்பா இது? வாழ்க்கை பூரா டீசல் எஞ்சினோட கிடந்த ஆளு நீங்க! இது மறதி இல்லப்பா, டேஞ்சர். பாலத்துல யாராச்சும் செத்துருந்தா? சாவிய அம்மாகிட்ட குடுங்க. இனி நீங்க ஓட்டவே கூடாது" என்றாய். அவர், "சரிப்பா" என்றார். "சரிப்பா, சரிப்பா" என்று நீ வைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். நீ பிறந்ததிலிருந்து அவர் உன்னிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு எழுந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, நான் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தார். மாதக்கணக்கில் கெஞ்சிக் கிடைக்காத சாவி. உன் மேல் எனக்குக் கோபமில்லை. உனக்குச் சொல்லப்பட்டதை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மகன் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாய்.

அன்றிலிருந்து அவர் ஒடுங்கிவிட்டார். நோய் உண்மையான நோய்தான். படம் எடுத்துப் பார்த்தார்கள், மூளையில் எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் காட்டினார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதல்முறை டாக்டரிடம் போனபோது, எதனால் சந்தேகம் வந்தது என்று அவர் என்னைக் கேட்க, அப்பாவே முந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்பை ஒப்புக்கொள்கிற பிள்ளை மாதிரி, "டீசல் காருக்குப் பெட்ரோல் ஊத்திட்டேன் டாக்டர். முப்பது வருஷம் டீசல் பாத்தவன்" என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மீனும், ஒருவழிச் சாலையும், கிளட்சும் அதற்குக் கீழேதான் வந்தன. முதல் வரி என்னுடையது. நாற்காலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல, சாவியக் குடு" என்பாரோ என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தால் அவர் தன்னையே நம்பாமல் உருக்குலைந்துகொண்டிருக்கிறார். எந்தப் பக்கம் போனாலும் அவர்தான் அடிபடுகிறார். எனக்கு வழி தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

சேகர் தொட்டியை இறக்கிக் கழுவி, குழாய்களைச் சுத்தம் செய்து, பம்பை மாற்றி, காரை எழுப்பிக் கொடுத்தார். ஒரு இன்ஜெக்டர் மட்டும் சரியாகவில்லை. நின்றிருக்கும்போது லேசாக இருமும். விற்றுவிடுங்கள் என்றாய். டீசல் விலை ஏறிய பிறகு இன்னும் கடுமையாகச் சொன்னாய். நான் ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். காரணம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிபோங் திபால் போகும்போது மட்டும் அவர் பழைய ஆளாக இருந்தார். பாலம் இறங்கி நெடுஞ்சாலை ஏறியதும் காதைச் சாய்த்துக் கேட்பார். "அஞ்சுல போடாதே, நாலுலயே வை. சூடு ஏறட்டும். இப்ப எரியுது, கேக்குதா? காலை எடுக்காதே." ஃபில்டர் விளக்கு அணைந்ததும் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவருக்கு எந்த கியரில் எந்தச் சத்தம் வர வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான் வேண்டுமென்றே ஐந்தில் போட்டு, அவர் என்னைத் திட்டுவதைக் கேட்பேன். முன்பு எதற்குப் பயந்து தலையாட்டினேனோ, அதையே பிச்சை கேட்டு வாங்குகிற நிலைக்கு வந்திருந்தேன்.

போன சித்திரைக்குப் பிறகு ஒரு ஞாயிறு. நல்ல நாள், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். தோசைக்கடைக்கு முன்னால் நிறுத்தினேன். ஓடி வந்த எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது என்பார், அதனால் அது இருமியபடி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். "என்னங்க, அன்னைக்குப் பெட்ரோல் ஊத்தினது நீங்க இல்லங்க. நான். மஞ்சள் பைப்ப எடுத்தது நான். நீங்க வந்து வாங்கி மாட்டினதுதான். பட்டறையில பொய்யா தலையாட்டினேன்."

திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அன்பாக.

"நீ ஏன்மா அதை உன் தலையில போட்டுக்குற?"

"உண்மையைத்தான் சொல்றேன்."

"இல்லலா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நல்ல வெயிலு. பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிச்சான். மஞ்சள் பைப்பு, என் கையில. நான்தான் ஊத்தினேன்." வலது கையை விரித்து என்னிடம் நீட்டிக் காட்டினார். "எல்லாம் மறந்து போச்சு, மறந்து போச்சுன்னு சொல்றீங்களே எல்லாரும். இதை மறக்கல பாத்தியா?"

அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, தினேஷ். நான் எஞ்சினை அணைத்தேன். என் கன்னத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். பிறகு இறங்கிப் போய் எனக்கும் சேர்த்துத் தோசை சொன்னார்.

அதிலிருந்து எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். குளிப்பாட்டும்போது சொல்வேன், சோறு ஊட்டும்போது சொல்வேன். ஒரு நாள் சிரிப்பார், ஒரு நாள் எரிச்சலாவார், ஒரு நாள் யாரிடம் பேசுகிறேன் என்று பார்ப்பார். அன்றைய தேதி, நம் வீட்டு மாடி எண், சில நாட்களில் உன் பெயர், எல்லாம் போய்விட்டன. நான் கொடுத்த அந்தப் பொய் மட்டும் போகவில்லை. அவரிடம் மிச்சமிருக்கிற சொந்த ஞாபகம் என்று அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிடுங்கினால் அந்த இடத்தில் வைக்க என்னிடம் எதுவுமில்லை. விட்டுவைத்தால் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு போவார்.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாகப் பாலம் தாண்டவில்லை. எனக்கு ஒரு கண்ணில் புரை, முழங்கால் கிளட்சை அழுத்த விடவில்லை. அதைவிட, ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கதவைத் திறக்கிறார். ஃபில்டர் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. வேகமும் எடுப்பதில்லை, தன்னைக் காத்துக்கொள்ள எஞ்சினே அடக்கிக்கொள்கிறது என்று சேகர் சொன்னார். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொண்டு போகிறார். தினமும் நெடுஞ்சாலையில் தைப்பிங் போய் வருகிற ஒருவருக்குப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓடுகிற கைக்குப் போனால் பிழைத்துக்கொள்ளும். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்றும் தெரியவில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு மாலை வீடியோவில் கூப்பிடு. அவரைக் குளிப்பாட்டிச் சட்டை மாற்றி உட்கார வைத்திருப்பேன். உன் காரைக் காட்டு, பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்க விடு. ஒரு கட்டத்தில் பெட்ரோல் ஊற்றியதைச் சொல்ல ஆரம்பிப்பார். நீ எப்போதும் மெதுவான குரலில், "பரவால்லப்பா, விடுங்கப்பா" என்கிறாய். நல்ல மனதோடுதான் சொல்கிறாய், ஆனால் நீ அப்படி மன்னிக்கும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். இனி அப்படிச் சொல்லாதே. "இல்லப்பா, நீங்க ஊத்தல" என்று சொல். அவருக்குக் கோபம் வரும், கையை விரித்துக் காட்டிச் சண்டைக்கு வருவார். வரட்டும். நீ விட்டுக்கொடுக்காமல் திரும்பவும் சொல். நம்ப மாட்டார் என்று தெரியும். இந்த வீட்டில் அதை நான் ஒருத்தியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அய்யா. நீயும் சொல்.

அம்மா